‘பரிசம்’: ஒரு சொல்லும் அதன் திசையும்
கேரள எல்லைத் தமிழ்ப் பகுதிகளை முன்வைத்து ஒரு திறனாய்வு

1. முன்னுரை

மணவுறவை உறுதி செய்யும் நிகழ்ச்சியைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் வழங்குகின்றன. நிச்சயதார்த்தம், நிச்சயதாம்பூலம், பரிசம் போடுதல், தட்டு மாற்றுதல், உப்புச்சர்க்கரை மாற்றுதல் என்பன அவற்றுள் சில. அண்மைக் காலத்தில் மணவுறுதி, மண ஒப்பந்தம் முதலிய புத்தாக்கங்களும் இவற்றோடு சேர்ந்துள்ளன. பொதுவழக்கில் இவை யாவும் ஒருபொருட் பன்மொழியாகவே கொள்ளப்படுகின்றன. ‘பரிசம்’ என்பது நிச்சயதார்த்தத்துக்குரிய பழைய பெயர், சிற்றூர் வழக்கு என்ற அளவிலேயே பலரும் அமைகின்றனர்.

இக்கருத்து மறு ஆய்வுக்கு உரியது. நிச்சயம் என்பது ஒரு முடிவின் பெயர்; பரிசம் என்பது கொடுக்கப்படும் ஒரு பொருளின் பெயர். முடிவு இரு வீட்டார்க்கும் பொது. பொருளோ ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்குச் செல்வது. எனவே பரிசம் என்னும் சொல்லினுள் ஒரு திசை அடங்கியுள்ளது. அத்திசையை நீக்கிவிட்டு அச்சொல்லுக்குப் பொருள் கூறுவது அதன் வரலாற்றை நீக்குவதாகும் என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழும் மலையாளமும் அன்றாடம் உறவாடும் பாலக்காடு, இடுக்கி மாவட்ட எல்லைப் பகுதிகள் இவ்வாய்வுக்குத் தக்க களமாக அமைகின்றன.

2. களம்

பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலம் உடையது. கொங்கு நாட்டையும் மேலைக் கடற்கரையையும் இணைக்கும் தொன்மையான வழி அதுவே. 1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இக்கணவாயின் மேற்குப் பகுதி கேரளத்துள் அடங்கியது. அதற்கு முன்னர்ப் பாலக்காடு, சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. சித்தூர் கொச்சி அரசைச் சார்ந்திருந்தது. சித்தூர் வட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஆகிய ஊர்களில் இன்றும் தமிழர் மிகுதியாக வாழ்கின்றனர்.

இடுக்கி மாவட்டம் 1972இல் உருவாயிற்று. அதன் தேவிகுளம், பீருமேடு வட்டங்கள் முன்னைத் திருவிதாங்கூரைச் சார்ந்தவை. மறையூர், காந்தளூர் முதலிய அஞ்சுநாட்டு ஊர்களில் தமிழர் குடியிருப்பு மிகப் பழையது. தேயிலைத் தோட்டங்கள் தோன்றிய பின்னர் மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரப் பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளர் தத்தம் ஊர் வழக்குகளை மலைமேல் கொணர்ந்தனர். ஆகவே வடக்கே கொங்கு வழக்கும், தெற்கே பாண்டிநாட்டு வழக்கும், பாலக்காட்டு அக்கிரகாரங்களில் அந்தணர் வழக்கும் என மூவகை வழக்குகள் மலையாளச் சூழலில் நிலவுவதைக் காணலாம்.

3. வரைவும் வரைபொருளும்

சங்க இலக்கியத்தில் மணத்தைப் பேசி முடித்தலைக் குறிக்கும் சொற்களுள் தலையாயது ‘வரைவு’. வரை என்பது கோடு, எல்லை என்னும் பொருள்களைத் தரும். வரைதல் என்பது எல்லையிட்டு உரிமையாக்கிக் கொள்ளுதல் எனக் கருதலாம். ஆண்மகன் வரைவான், பெண் வரையப்படுவாள். பெண் கேட்கும் அவையின் காட்சியைக் குறுந்தொகையின் 146ஆம் பாடலில் வெள்ளிவீதியார் காட்டுகிறார். கையில் தண்டும் நரைத்த தலையும் உடைய முதியோர் பெண் கேட்டு வருகின்றனர். ஒரு சாரார் நன்று என்று இசைகின்றனர். மற்றொரு சாரார் இந்நாள் பெரிதென்று பாராட்டுகின்றனர். இன்றைய நிச்சயதார்த்த அவையின் முன்வடிவம் இதுவே எனலாம்.

இவ்வவையில் பொருளுக்கு இடமுண்டா என்பது அடுத்த வினா. புறநானூற்று 343ஆம் பாடலில் பரணர், முசிறியை ஒத்த பெருஞ்செல்வத்தைப் பணிந்து வந்து கொடுத்தாலும், தனக்கு ஒவ்வாதாரை அப்பெண் ஏற்கமாட்டாள் என்றும், தந்தையும் தரமாட்டான் என்றும் கூறுகிறார். மறுப்புக் கூறும் பாடல் இது. ஆயினும், கேட்டு வருவோர் பொருள் கொடுத்துப் பெண் கொள்ளும் வழக்கம் நிலவினாலன்றி இம்மறுப்புக்குப் பொருள் இராது. ஒப்புமைக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட முசிறி கேரளக் கடற்கரைத் துறைமுகம் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. ‘முலைவிலை’ என்னும் சொல்லும் இவ்வழக்கத்தையே சுட்டும்.

அகப்பொருள் மரபு இதனை ஒரு துறையாகவே வகுத்துள்ளது. மணத்துக்கு இசைவு பெற்ற தலைவன், மணத்துக்கு வேண்டும் பொருளை ஈட்டப் பிரிந்து செல்லுதல் ‘வரைவிடை வைத்துப் பொருள்வயிற் பிரிதல்’ எனப்படும். திருக்கோவையாரில் இது ‘வரைபொருட் பிரிதல்’ என்னும் தனிப் பகுதியாக அமைகின்றது. இசைவுக்கும் மணத்துக்கும் இடைப்பட்ட காலமே இன்றைய நிச்சயதார்த்தத்துக்குப் பின்வரும் காலம். அக்காலத்தில் பொருள் தேடும் சுமை ஆண்மகனுடையது. வரைபொருள் என்னும் தொகைச்சொல் பரிசத்தின் இலக்கிய முன்னோடி என்று கொள்ளுதல் பொருந்தும்.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். வரைபொருள் என்பது மணச்செலவுக்கும் இல்லற வாழ்வுக்கும் உரிய பொருளாகவும் இருக்கலாம். பெண் வீட்டார்க்குக் கொடுப்பதாக மட்டும் இருக்க வேண்டுவதில்லை என்பதே அது. இத்தடை ஏற்கத்தக்கதே. எனினும் புறநானூற்றுப் பாடல் கொடுப்போரையும் கொள்வோரையும் தெளிவாகப் பிரித்துக் காட்டுதலின், வரைபொருளின் ஒரு கூறேனும் பெண் வீட்டாரை நோக்கிச் சென்றது என்பதில் ஐயமில்லை.

4. பரிசம், பரியம்: வடிவச் சிக்கல்

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் பரிசம், பரியம் ஆகிய இரு வடிவங்களையும் பதிவு செய்து, மணமகன் வீட்டார் மணப்பெண்ணின் பொருட்டுக் கொடுக்கும் பொருள் என்னும் கருத்தைத் தருகிறது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளிலும் இச்சொல் பல குலங்களின் மணமுறையை விளக்குமிடத்து வருகின்றது.

சொற்பிறப்பு வகையில் இருவேறு வழிகள் உள்ளன. ஒன்று, தொடுதல் என்னும் பொருளுடைய வடசொல்லாகிய ‘ஸ்பரிசம்’ என்பதிலிருந்து கொள்ளுதல். மற்றொன்று, பரிசு, பரிசில் ஆகிய கொடைச் சொற்களோடு இணைத்தல். தொடுதற் பொருளிலிருந்து கொடைப் பொருளுக்குச் செல்லும் படி வெளிப்படையாக இல்லாமையின் முதல் வழி வலுவற்றதாகத் தோன்றும். இரண்டாம் வழியிலும் ஒரு வேறுபாடு உண்டு. பரிசில் என்பது இரப்போன் பெறுவது. பரிசம் என்பது கேட்டு வருவோன் கொடுப்பது. கொடைப் பொருள் பொதுவாயினும் கேட்பவன் நிலை தலைகீழாகின்றது. எனவே ஓசை ஒப்புமை கருதி இரண்டையும் உடனே ஒன்றாக்கிவிடுதல் கூடாது.

யகர சகர மாற்றத்தாலும் இதனைத் துணிய இயலாது. உயிர், முயல் ஆகியவை பேச்சில் உசிர், முசல் என வருதல்போலப் பரியம் பரிசமாகியிருக்கலாம். நேசம், தேசம் ஆகியவை செய்யுளில் நேயம், தேயம் என வருதல்போலப் பரிசம் பரியமாகியிருக்கவும் கூடும். ஆகவே இச்சொல்லை அறிதற்குப் பிறப்பினும் வழக்கே நம்பத்தக்க சான்றாகும்.

நிச்சயதார்த்தம் என்னும் சொல்லின் வடிவமும் நோக்கத்தக்கது. தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘நிச்சிதார்த்தம்’ என்பதற்கு நேரான வடிவமே வழங்குகிறது. நிச்சித என்பது துணியப்பட்ட என்றும், அர்த்தம் என்பது பொருள் அல்லது செய்தி என்றும் பொருள்படும். தமிழில் நிச்சயம் என்னும் பழகிய சொல்லின் ஈர்ப்பால் இது ‘நிச்சயதார்த்தம்’ எனத் திரிந்தது எனலாம். இத்திரிபு வடிவம் செவிக்குப் பெருமிதமாக ஒலிப்பினும், யார் எதனைச் செய்தார் என்பதைச் சொல்லாத சொல் அது.

5. வினைகள் காட்டும் திசை

இச்சொற்களோடு சேரும் வினைகளை ஒப்பிடின் வேறுபாடு தெளிவாகும்.

‘பரிசம்’ என்பது ‘போடு’ என்னும் வினையைக் கொள்ளும். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குப் பரிசம் போட்டனர் என்பது வழக்கு. பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குப் பரிசம் போட்டனர் என்று கூறுவார் இல்லை. எழுவாயின் இடமும் நான்காம் வேற்றுமையின் இடமும் இங்கு மாற்றவொண்ணாதவை. பரிசப் பணம், பரிசப் புடவை என்னும் தொகைகளிலும் கொடுப்போர் மணமகன் வீட்டாரே. ‘பரிசம் போட்ட பெண்’ என்னும் தொடரில் பெறுவோள் பெண்ணே.

‘மாற்று’ என்னும் வினை இதற்கு வேறானது. கொங்கு வேளாளரிடை வழங்கும் உப்புச்சர்க்கரை மாற்றுதலில் இரு வீட்டாரும் கொடுப்போரும் கொள்வோருமாகின்றனர். தட்டு மாற்றுதல், தாம்பூலம் மாற்றுதல் என்பனவும் அவ்வாறே. இங்குத் திசை இரண்டு. ஆதலின் பொருளின் மதிப்பினும் பரிமாற்றமே சிறக்கின்றது. உப்பும் சர்க்கரையும் விலை கருதிக் கொடுக்கப்படும் பொருள்கள் அல்ல.

‘செய்’ என்னும் வினை மூன்றாவது வகை. நிச்சயம் செய்தனர் என்னும்போது எழுவாய் இரு வீட்டாராகவோ, ஒரு வீட்டாராகவோ, ஊர்ப் பெரியோராகவோ இருக்கலாம். திசை அறவே இல்லை. அக்கிரகார வழக்காகிய நிச்சயதாம்பூலத்தில் லக்னப் பத்திரிகை படிக்கப்படுகின்றது. அங்கு எழுத்தும் வாக்குமே உறுதியின் அடையாளங்கள்.

இவ்வகையில் போடு, மாற்று, செய் என்னும் மூன்று வினைகளும் முறையே ஒருதிசை, இருதிசை, திசையின்மை ஆகிய மூன்று நிலைகளைக் காட்டுகின்றன. இவற்றைத் தம்முள் ஒருபொருட் பன்மொழியாகக் கொள்ளுதல் இலக்கணச் சான்றுக்கு முரணானது.

6. மலையாளத் தொடர்பில் சொற்கள்

எல்லைப் பகுதியில் இச்சொற்கள் மலையாளச் சொற்களோடு அருகருகே வழங்குகின்றன. அவற்றுள் சில வடிவத்தால் ஒத்தும் பொருளால் வேறுபட்டும் நிற்கின்றன.

தமிழில் சம்பந்தம் என்பது இரு குடும்பத்தாரின் மணத்தொடர்பைக் குறிக்கும். சம்பந்தம் பேசுதல், சம்பந்தி முதலிய வழக்குகள் இதன்வழி வந்தவை. மலையாளத்தில் ‘சம்பந்தம்’ என்பது மருமக்கள் தாய முறையினரிடை நிலவிய மண உறவின் பெயர். அதனைப் பதிவு செய்தற்கென்றே 1896இல் மலபார் திருமணச் சட்டம் இயற்றப்பட்டது. கேட்பவன் எக்கரையினன் என்பதைப் பொறுத்து ஒரே சொல் இருவேறு சமூக அமைப்புகளை உணர்த்தியது.

‘கல்யாணம்’ என்பதும் அத்தகையது. தமிழில் அது திருமணத்தையே குறிக்கும். மலையாளத்தில் தாலிகெட்டுக் கல்யாணம், திரண்டுகல்யாணம் என வேறு சடங்குகளும் அப்பெயர் பெற்றன. சிரியன் கிறித்தவரின் ‘ஒத்துகல்யாணம்’ மணவுறுதியே, மணமன்று.

இவற்றினும் முதன்மையானது புடவை. நாயர் சமூகத்தில் ஆண்மகன் பெண்ணுக்கு ஆடை கொடுத்தலே மண உறவைத் தொடங்கும் சடங்காயிற்று. அது வடமலபாரில் புடமுறி என்றும், பிற இடங்களில் புடவகொட என்றும் பெயர் பெற்றது. தமிழரிடையிலோ பரிசப் புடவை கொடுத்தல் மணத்துக்கு முற்பட்ட உறுதி மட்டுமே. தாலி கட்டும் வரை மணம் நிறைவெய்துவதில்லை. கொடுப்போர், பெறுவோர், கொடுக்கப்படும் பொருள் ஆகிய மூன்றும் இரு சமூகத்தும் ஒன்றே. ஆயினும் ஒரு சமூகத்தில் அச்செயல் மனைவியை ஆக்குகின்றது. மற்றொன்றில் மணமகளாக இருப்பவளைக் குறித்து வைக்கின்றது. பரிசம் என்னும் சொல்லின் பொருள் பொருளால் மட்டும் அமையாது, அதன்பின் வரவேண்டிய சடங்கை எதிர்நோக்கி நிற்பதாலும் அமைகின்றது என்பதை இவ்வொப்பீடு உணர்த்துகின்றது.

இடைநிலையாகிய இதனால் விளையும் இடர்ப்பாடும் பெண்ணுக்கே உரியதாகின்றது. உறுதி முறிந்தால் ‘பரிசம் போட்ட பெண்’ என்னும் அடை அவள்மேல் நிற்கும். பரிசம் போட்டவனுக்கு அத்தகைய பெயர் தமிழில் வழங்கவில்லை.

7. திசை மாறிய வரலாறு

பெண்ணுக்குப் பொன் பெறும் வழக்கத்துக்கு எதிரான குரலும் பழமையானது. வேலூரை அடுத்த விரிஞ்சிபுரத்துக் கோயிலில் கி.பி. 1425–26ஐச் சார்ந்த விசயநகரக் காலக் கல்வெட்டு ஒன்று உள்ளது. படைவீட்டு இராச்சியத்துக் கன்னட, தமிழ், தெலுங்கு, லாட அந்தணர்கள் கூடி, இனிப் பொன் பெறாது கன்னிகாதானமாகவே பெண் கொடுக்க வேண்டும் என்று உடன்பட்டனர். பொன் பெற்றுக் கொடுப்போரும், பொன் கொடுத்து மணப்போரும் அரச தண்டனைக்கு உரியர் என்றும், அந்தண நிலையிலிருந்து விலக்கப்படுவர் என்றும் விதித்தனர். விலக்க வேண்டிய அளவுக்கு அவ்வழக்கம் அந்தணரிடையேயும் பரவியிருந்தது என்பது இதனால் பெறப்படும்.

இருபதாம் நூற்றாண்டில் திசை மாறியது. முன்னர்ப் பரிசம் கொடுத்த பல சமூகங்களில் மணமகன் வீட்டார் பொருள் பெறும் வழக்கம் வேரூன்றியது. குடி, டம்பையா ஆகியோர் 1973இல் வெளியிட்ட நூலும், எம். என். சீனிவாஸ் 1984இல் எழுதிய சிறு நூலும் இவ்விரு வகைக் கொடைகளையும் வேறுபடுத்தி ஆராய்ந்தன. வரதட்சிணையை மணமகள் விலையின் மறுதலை என்று எளிதாகக் கூறிவிட முடியாது என்பதும் இவ்வாய்வுகளால் விளங்கிற்று.

சட்டத்தின் பெயரே எல்லையின் இருபுறமும் வேறுபடுதல் வியப்புக்குரியது. 1961ஆம் ஆண்டு நடுவண் அரசுச் சட்டம் தமிழில் வரதட்சிணைத் தடைச் சட்டம் எனப்படுகிறது. வரனுக்குத் தரும் தட்சிணை என்பது சொற்பொருள். பெறுவோன் பெயரில் உள்ளான். மலையாளத்தில் அதே சட்டம் ஸ்திரீதன நிரோதன நியமம் எனப்படுகிறது. பெண்ணின் தனம் என்பது சொற்பொருள். பெறுவோன் பெயரில் மறைந்தான். ஆனால் சட்டத்தின் வரையறை இவ்விரு பெயர்களினும் விரிந்தது. மணத்தின் ஒரு சாரார் மற்றொரு சாரார்க்குத் தரும் அல்லது தர உடன்படும் பொருள் யாதாயினும் அதனுள் அடங்கும். மகர் மட்டுமே விலக்கப்பட்டது. எனவே மணத்தின் பொருட்டு உடன்பாடாகக் கேட்டுப் பெறப்படும் பரிசமும் அவ்வரையறையின் எல்லைக்குள் வரக்கூடும். வழக்கில் எதிரெதிராக நின்ற இரு சொற்களைச் சட்டம் ஒரு சொல்லுக்குள் அடக்கியது.

உறுதி நாளில் சொல்லப்படும் சொல் பெண்ணின் உரிமையையே மாற்றிய நிகழ்ச்சியும் இந்நிலத்தில் உண்டு. இன்றைய இடுக்கிப் பகுதியையும் உள்ளடக்கிய திருவிதாங்கூரில், 1916ஆம் ஆண்டுக் கிறித்தவர் வாரிசுரிமைச் சட்டம், ஸ்திரீதனம் பெற்ற மகளுக்கு மட்டுமன்றி, தருவதாக வாக்களிக்கப்பட்ட மகளுக்கும் தந்தை சொத்தில் வாரிசுப் பங்கை மறுத்தது. வாக்கு நிறைவேறாவிடினும் பங்கு போயிற்று. மேரி ராய் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பால் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமே இவர்களுக்கும் உரியது என உறுதியாயிற்று. மணவுறுதிச் சொற்களை ஆராய்தல் வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதற்கு இது போதிய சான்று.

8. இன்றைய வழக்கும் அகராதியும்

இன்று பரிசம் போடும் நாளில் மணமகன் வீட்டார் புடவையும் பூவும் சிறு தொகையும் வைக்கின்றனர். அதே அவையில், பெண்ணுக்குப் போட வேண்டிய நகையின் அளவையும் மாப்பிள்ளைக்குத் தர வேண்டியதையும் பேசி முடித்தலும் நிகழ்வதுண்டு. வெளிப்படையாக வைக்கப்படும் பொருள் ஒரு திசையிலும், பேசப்படும் பொருள் எதிர்த்திசையிலும் செல்கின்றன. பெயரோ முதலாவதற்கு மட்டுமே உள்ளது. பழைய சொல் புதிய வழக்கத்துக்குத் திரையாக நின்றுவிடுகின்றது. பரிசம் என்பதற்கு நிச்சயதார்த்தம் என்று மட்டும் பொருள் எழுதும் அகராதி இத்திரையை மேலும் தடிப்பாக்கும். வரதட்சிணை என்று எழுதின் வரலாறு தலைகீழாகும்.

மணவுறுதி என்னும் புத்தாக்கம் நிச்சயதார்த்தத்துக்கு நல்ல தமிழாக்கமே. ஆயின் அதனைப் பரிசத்துக்கும் ஈடாக வழங்குதல் தகாது. வடமொழிச் சொல்லை நீக்குவதாகக் கருதி, ஒரு வழக்காற்றின் சான்றை நீக்கும் செயலாக அது முடியும்.

எனவே வட்டார வழக்கு அகராதிகளில் இத்தகைய சொற்களுக்கு நான்கு செய்திகள் தரப்படல் வேண்டும்: கொடுப்போர் யார், பெறுவோர் யார், கொடுக்கப்படும் பொருள் யாது, அச்சொல் நிகழ்ச்சிக்குப் பெயராயிற்றா என்பன அவை. இவற்றோடு சேரும் வினையையும் குறித்தல் இன்றியமையாதது. எல்லைப் பகுதிக்குரிய பதிவுகளில், ஒத்த வடிவுடைய மலையாளச் சொல்லின் பொருள் வேறுபாடும் காட்டப்படின் மொழிபெயர்ப்பாளர்க்கும் நீதிமன்றங்களுக்கும் பயன் விளையும்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பரிசம் என்பது வரைபொருள் மரபின் தொடர்ச்சியாக, மணமகன் வீட்டாரிடமிருந்து பெண்ணை நோக்கிச் செல்லும் கொடையைக் குறித்த சொல் என்பதும், பின்னர் அக்கொடை நிகழும் நாளுக்கும் பெயராயிற்று என்பதும், அதனோடு வரும் ‘போடு’ என்னும் வினை பழைய திசையை இன்றும் காத்து நிற்கின்றது என்பதும் பெறப்படுகின்றன. பொருள் செல்லும் திசை மாறிவிட்ட காலத்திலும் சொல் தன் திசையை மாற்றிக்கொள்ளவில்லை. பரிசம் போட்டனர் என்று கூறுவோர், முன்னொரு காலத்தில் பெண் கேட்டு வந்தோரே கை நீட்டிக் கொடுத்தனர் என்னும் செய்தியைத் தம்மையறியாமல் உடன் கூறுகின்றனர். அதனைச் செவிமடுத்துப் பதிவு செய்தல் அகராதியியலாரின் கடமையாகும்.